மேயர் அங்கியும் ரெடிமேட் கோட்டும்

ஓட்டுப் போட்டு மேயரை ஜெயிக்க வைப்பது ஜனங்கள். ஆனால் ஜெயித்த ஆளைப் பார்க்க மேயர் மாதிரி ஆக்குவது யார்? டெய்லர்தான். அதை அவரே சொல்வார், நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்வார்.

மாநகராட்சிக்கு இருப்பது ஒரே ஓர் அங்கி. கனமான சிவப்பு வெல்வெட். யார் ஜெயித்தாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் உறுதிமொழி எடுக்க வேண்டும். ஒருத்தர் ஒட்டடைக்குச்சி, அடுத்தவர் பீப்பாய். ஒவ்வொரு தடவையும் தையலைப் பிரித்து, ஆளுக்குத் தக்கபடி பிடித்தும் விட்டும் கொடுப்பது டெய்லர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவர். யாரோ ஒருத்தர் கடையில் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுத்து, சொந்தக் கடை கண்டவர். அவர் கை பட்ட அங்கி எந்த மேயர் தோளிலாவது கோணியிருக்கிறதா? கிடையவே கிடையாது.

இந்தத் தடவை ஜெயித்தவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி.

ஊரே கை கொடுத்தது. டெய்லர் மட்டும் போகவில்லை. காரணம் சின்னதில்லை. அக்கா புருஷன் குத்துக்கல் மாதிரி கடை போட்டு உட்கார்ந்திருக்க, அவன் தன் கல்யாணத்துக்கு ரெடிமேட் கோட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு நின்றான். "டெய்லர் மச்சினனுக்கே டெய்லர் வேணாமாம்" என்று விருந்தில் ஒருத்தன் சிரித்ததோடு பேச்சுவார்த்தை அறுந்தது.

"ஏங்க, தம்பி கடைக்கு வர்றேங்கறான். ஒரு அளவு எடுத்துடுங்களேன்" என்றாள் மனைவி.

"எனக்கெதுக்கு டேப்பு? கண்ணால பார்த்தா அளவு தானா வந்து விழும்."

"அவனைப் பார்த்தே வருசக்கணக்காச்சே!"

"எதிர் சுவத்துல காலையிலேருந்து பல்லைக் காட்டிட்டு நிக்கறான். அது போதும்."

எதிர்ச் சுவரில் தேர்தல் போஸ்டர். முழு உருவம், கையைத் தூக்கிக்கொண்டு. டெய்லர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மறு கண்ணை மூடிப் பார்த்தார். "நல்லாத் தின்னுருக்கான்" என்று முனகிக்கொண்டே பக்கத் தையல்களை மொத்தமாகப் பிரித்து விட்டார்.

பதவியேற்பு நாளன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடை ஓரத்தில் எப்போதும்போல டெய்லருக்கு ஒரு நாற்காலி. மாநகராட்சிச் செயலாளர் அங்கியை எடுத்து மச்சினனுக்கு மாட்டினார்.

கொடியில் காயப்போட்ட போர்வை மாதிரி தொங்கியது அது.

போஸ்டரில் இருந்தது பழைய படம். ஓட்டுக் கேட்டுத் தெருத் தெருவாக நடந்ததில் ஆள் பாதியாகியிருந்தான். உறுதிமொழிக்கு வலது கையைத் தூக்கினான். விரல்கூட வெளியே வரவில்லை. இடது தோளிலிருந்து அங்கி நழுவியது.

"உள்ள ஆள் இருக்காரா?" என்று பின்வரிசையில் ஒரு குரல். மண்டபமே சிரித்தது.

டெய்லருக்குக் காது சுட்டது. இத்தனை வருடப் பேர் ஒரு நிமிடத்தில் சந்தி சிரிக்கிறதே! குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு மேடை ஏறினார்.

"நீங்க எங்க வர்றீங்க?" என்று செயலாளர் மறித்தார்.

"அங்கி எங்க போகுதோ அங்க வர்றேன். தள்ளுங்க."

சட்டென்று அங்கிக் கையை மடித்து ஊசி குத்தினார். முதுகுப் பக்கம் மூன்று மடிப்பு வெல்வெட்டில் ஊசி வளைந்து போனது. வேறு வழியில்லை. மச்சினனுக்குப் பின்னால் குனிந்து ஒளிந்துகொண்டு, மிச்சத் துணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். முன்னாலிருந்து பார்த்தால் அங்கி அப்படியே அளவெடுத்துத் தைத்தது போல நின்றது. கெட்டிக்காரர்தான்.

ஆனால் முதல் வரியோடு உறுதிமொழி நின்றுவிட்டது.

"மாமா... நாக்கு ஒட்டிக்கிச்சு."

"எச்சிலை முழுங்கு. நான் பிடிச்சிருக்கேன், நீ பேசு."

மச்சினன் முழுங்கினான், பேசினான், கடைசி வரி வரைக்கும். கைதட்டலில் கூரை அதிர்ந்தது. எடுத்த போட்டோ எல்லாவற்றிலும் மேயர் தோளுக்குப் பின்னால் ஒரு வழுக்கைத் தலை.

ஊர்வலம் கிளம்புவதற்குள் அங்கியைச் சரிசெய்தாக வேண்டும். பக்கத்து அறைக்குள் அவனைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"கையைத் தூக்கு. ஆமா, அன்னைக்கு ஏன்டா ரெடிமேட் வாங்கின?"

மச்சினன் சுவரைப் பார்த்தான். "நீங்க அளவெடுத்தா தெருமுனைக்குக் கேக்கற மாதிரி கத்துவீங்க மாமா. 'தொப்பைக்குத் தனியாத் துணி எடுத்துட்டு வா'ன்னு கிண்டல் வேற. அப்ப நான் இருந்த குண்டுக்கு... பொண்ணு வீடு உங்க கடைக்கு நேர் மாடியில இருந்துச்சு."

டெய்லர் பையிலிருந்து டேப்பை எடுத்தார். மச்சினன் இடுப்பைச் சுற்றிப் போட்டார். அளவைப் பார்த்தார். உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

கதவு இடுக்கில் மனைவியின் தலை. "எவ்வளவுங்க இருக்கான்? ரொம்ப இளைச்சுட்டானா?"

"அதெல்லாம் மாநகராட்சி ரகசியம். நீ கதவைச் சாத்து."