சத்தம் போடாத வண்டி

போன வாரம் கூடத்தில் புது ஃபேன் மாட்ட வந்த எலக்ட்ரீஷியன், ஏணி மேலிருந்தபடியே எனக்குப் பாடம் நடத்தினார். "இதுல பிரஷ்ஷே கெடயாது சார். சத்தமே வராது." பிரஷ் என்பது சில மோட்டாருக்குள் உரசிக்கொண்டிருக்கும் கரித்துண்டு, அது பழைய ஃபேனிலும் கிடையாது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஏணியில் நிற்கிறவரோடு வாதம் எதற்கு என்று ஒன்றும் தெரியாதவன் மாதிரி தலையாட்டிவைத்தேன்.

பிரஷ் இல்லாத மோட்டார் என்றதுமே எனக்கு வார்னிஷ் வாசனை வந்துவிட்டது. இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் உத்திரமேரூர் கடைத்தெருவில் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்தேன். சட்டை, சோறு, தலையணை எல்லாவற்றிலும் அந்த வாசனைதான். பம்ப்செட் மோட்டாருக்கு வயர் மூன்று. தப்பான பக்கம் சுற்றினால் எந்த இரண்டையாவது இடம் மாற்றிப் போட வேண்டும், நேராகிவிடும். கழனிக்குப் போய் இந்த ஒரு வேலையைச் செய்துவிட்டு, பெரிய டாக்டர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு மோர் வாங்கிக் குடித்து வந்த நாட்கள் உண்டு. உலகத்தில் எந்தக் கோளாறுக்கும் இரண்டு வயரை மாற்றினால் போதும் என்று நம்பியிருந்தேன்.

அக்காவைக் காவாந்தண்டலத்தில் கொடுத்திருந்தது. மாமாவுக்கு துபாயில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவு. அங்கே முதலாளி வீட்டில் வேண்டாமென்று தூக்கிப் போட்ட ரிமோட் கார் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். முழங்கை நீளம், முள் முள்ளாக டயர், மண்ணிலும் மேட்டிலும் ஓடக்கூடியது. உள்ளே நிஜமான குட்டி எஞ்சின். அதற்கென்று தனி எண்ணெய். அதை யார் யாரையோ பிடித்து மெட்ராஸிலிருந்து வரவழைப்பார்.

அந்த எஞ்சின் போடும் சத்தம் இருக்கிறதே, மரம் அறுக்கிற மிஷின் தோற்றுப்போகும். லீவில் வந்த மறுநாள் காலை, பல் துலக்கின கையோடு நெற்களத்துக்குப் போய் வண்டியைக் கிளப்புவார். அதுதான் அவர் வழக்கம். கால் மணி நேரத்தில் களம் நிறைந்துவிடும். "எப்பப்பா வந்த?" என்று ஊரே கேட்கும். மாமா வண்டியைப் பார்க்கிற மாதிரி முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த எஞ்சினைத்தான் நான் கொன்றேன். அவர் துபாயில் இருந்தபோது ஆசை தாங்காமல் பெட்ரோலில் டூ-டி ஆயிலைக் கலந்து ஊற்றி, எப்படியோ கிளப்பிவிட்டேன். இரண்டு நிமிஷம் ஓடியது. கீச்சென்றது. அப்படியே இறுகிவிட்டது.

"அய்யோ, அந்த மனுசன் வந்து என்னிய இல்ல கேப்பாரு! இன்னாத்தயாச்சும் பண்ணி ஓட வச்சிடு. இல்லாங்காட்டி இந்த வூட்டுப் பக்கம் வராத" என்றாள் அக்கா. மாமா வர இருபது நாள் இருந்தது. அக்கா வீட்டு மீன்குழம்பை இழக்க நான் தயாராக இல்லை.

மெட்ராஸ் ரிச்சி தெருவில் நாள் முழுக்க அலைந்து பிரஷ் இல்லாத மோட்டார் ஒன்றும், ரிமோட் சொல்வதைக் கேட்டு அதை ஓட்டும் கன்ட்ரோலரும் பேட்டரியும் வாங்கினேன். கொய்யாக்காய் அளவு மோட்டார். அதிலிருந்து மூன்று வயர்! எனக்குச் சொந்தக்காரரைப் பார்த்த சந்தோஷம். எஞ்சினைக் கழற்றினேன். பழைய பம்ப்செட் மூடியை அறுத்து மோட்டாருக்குத் தாங்கி செய்தேன். எண்ணெய் டேங்க் இருந்த இடத்தில் சுவிட்சு பெட்டியை வெட்டி வைத்து பேட்டரியை உட்கார வைத்தேன். கூட வந்த காகிதத்தில், முதலில் ரிமோட்டைச் சரிபார்க்கவும் என்று போட்டிருந்ததாம். நான் மோட்டார்காரன், காகிதமா படிப்பேன்?

ரிமோட்டின் விசையை இழுத்தேன். வண்டி பின்னால் போனது. சிரித்துக்கொண்டேன். இரண்டு வயரை மாற்றினேன். முன்னால் போனது, கொஞ்சம் சோம்பலாக. புதுசுதானே, பழகினால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். அதே விசையை முன்னால் தள்ளினால் பிரேக்; அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மாமா வந்தார். நான் செய்த பாவத்தை மறைத்து, "மாமா, எண்ணெய்க்கு அலையவேணாம்னு கரண்டுக்கு மாத்திட்டேன்" என்றேன். புதுக் கைலியோடு களத்துக்கு வந்தார். வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "வுடு பாப்போம்" என்றார்.

விட்டேன். பத்தடி போனது. நிறுத்தலாம் என்று பிரேக்கைத் தள்ளினேன். அவ்வளவுதான், வண்டி பேய் பிடித்த மாதிரி பின்னால் பாய்ந்தது.

"டேய், நிறுத்துடா!"

நிறுத்தத்தான் இன்னும் அழுத்தினேன். அழுத்த அழுத்த வேகம். வண்டி நேராகக் கைலிக்குள் புகுந்தது, சக்கரம் துணியைச் சுருட்டியது, மாமா ஒரு சுற்று சுற்றி உட்கார்ந்தார். கைலி வண்டியோடு போய்விட்டது. உள்ளே கோடுபோட்ட டிரவுசர் இருந்தது, நான் பிழைத்தேன்.

ரிமோட்டில் ஒரு குட்டி சுவிட்சு, பழைய எஞ்சினுக்காகத் தலைகீழாக வைத்தது. நான் மாற்ற வேண்டியது அதைத்தான். அதை அப்படியே விட்டதில், முன்னால் போவது ரிவர்ஸ் என்றும், பிரேக்தான் முழுவேகம் என்றும் கன்ட்ரோலர் நினைத்துக்கொண்டது. சுவிட்சைத் தட்டி, வயரையும் பழையபடி மாட்டியதும் வண்டி அம்பு மாதிரி போனது, சொன்ன இடத்தில் நின்றது. நானே கை தட்டிக்கொண்டேன்.

"நல்லவேள மாமா, யாரும் பாக்கல."

மாமா கிழிந்த கைலியைக் கட்டிக்கொண்டே களத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒரு காக்காதான் இருந்தது.

"ஆமா மச்சான். ஒருத்தனும் வரல" என்றார். "வண்டி ஜோரா ஓடுது. ஆனா நான் வந்துகீறன்னு யாருக்குத் தெரியும்?"

எஞ்சினைக் கெடுத்ததை அப்போதே ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அக்காவின் பழைய எக்ஸ்ரே படத்தில் ஒரு விரல் அகலம் வெட்டி, சக்கரத்துக் கம்பிகளில் உரசுகிற மாதிரி கட்டினேன். மறுநாள் காலை டர்ர்ர் என்று களம் அதிர்ந்தது. முதலில் நாலு பேர். அப்புறம் ஊர். "எப்பப்பா வந்த?" மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே!

களத்தில் இப்போது பிளாட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். பேட்டரி உப்பி, வண்டி எந்தப் பழைய இரும்போடோ போய்விட்டது. மாமா துபாயை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்தபோது, அவர் வந்தது பக்கத்து வீட்டுக்குத் தெரியவே நாலு நாள் ஆனது.

நேற்று வந்திருந்தார். கூடத்தில் உட்கார்ந்து வெகுநேரம் மேலே பார்த்தார்.

"இன்னா மச்சான், ஃபேனு ஓடுதா?"

"ஓடுது மாமா."

"வூட்ல எக்ஸ்ரே படம் எதுனா கீதா?"

எழுந்துபோய் அலமாரியில் நிஜமாகவே தேடினேன். போன மாசம் எடுத்த அக்காவின் முழங்கால் எக்ஸ்ரேகூட என் செல்போனில்தான் இருக்கிறது.