நாற்பத்தாறு டொலர் ஒரு சதம்

என் காரின் வெயில் மறைப்புத் தட்டில், பழைய தரிப்பிட ரசீதுகளுக்கு நடுவே, ஐம்பது டொலர் பெறுமதியான ஒரு பெற்றோல் அட்டை செருகியிருக்கிறது. பச்சை நிறம். அதன் பின்புறத்தில் இருக்கும் வெள்ளிப் பூச்சை நான் இன்னும் சுரண்டவில்லை. சுரண்டினால் இலக்கம் தெரியும், இலக்கம் தெரிந்தால் பெற்றோல் அடிக்கலாம். மாலை வெயில் கண்ணில் அடிக்கும்போது தட்டை இறக்கக் கை போகிறது, பாதியில் நின்றுவிடுகிறது. கண்ணைச் சுருக்கிக்கொண்டே வீடு வந்து சேர்கிறேன். அந்த அட்டையை நான் இணையத்தில் ஏலம் கேட்டு நாற்பத்தாறு டொலர் ஒரு சதத்துக்கு வாங்கினேன். மிச்சம் பிடித்தது நான்கு டொலருக்கு ஒரு சதம் குறைவு. குழாய் வைத்து வாயால் பெற்றோல் இழுத்தவர்களுக்குத் தெரியும், எத்தனை தரம் கொப்பளித்தாலும் அந்த மணம் போகாது. இந்த அட்டையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வாய் அப்படித்தான் மணக்கிறது.

இது என் சகலனைப் பற்றியது. என் மனைவியின் தங்கையை மணந்தவர், என்னைவிட ஆறு வயது இளையவர். ஊரில் மினிவான் ஓட்டினார். யுத்தத் தடையால் பெற்றோல் இல்லாத காலத்தில், ஒரு சிறிய போத்தல் பெற்றோலைக் காட்டி எஞ்சினை எழுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயிலேயே பிள்ளைத்தாய்ச்சிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவர். நான் பட்டதாரி, கணித ஆசிரியன். கனடாவுக்கு வந்தபின் நான் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் இருபத்தைந்து வருடம் இருந்து ஓய்வூதியத்துடன் வெளியேறினேன். அவர் ரொட்டித் தொழிற்சாலைக்குப் பொருள் ஏற்றிய வானை ஓட்டி, அந்த வேலை நின்றபோது அதே பழைய வானை விலைக்கு வாங்கிக்கொண்டு வெளியேறினார். இரண்டு குடும்பமும் ரொறன்ரோவின் மல்வேர்னில், நடந்து போகும் தூரத்தில் இருந்தோம். அவர் என்னை "அண்ணை" என்பார். பகிடி விடும்போது மட்டும் "வாத்தியார்". நான் அவரை "நீங்கள்" என்றல்ல, ஒரு படி இறக்கி "நீர்" என்று பேசுவேன். அந்த "நீர்" என்ற சொல்லுக்குள் என் பட்டமும் ஓய்வூதியமும் உட்கார்ந்திருந்தன என்பதை அப்போது நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

சகலனின் மனைவி, என் மச்சாளுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதடைந்தபோது வாரத்தில் மூன்று நாள் டயலிசிஸ் என்றார்கள். ஆஸ்பத்திரி நகரின் நடுவில். சகலன் தானே கூட்டிக்கொண்டு போய், நான்கு மணித்தியாலம் காத்திருந்து, தானே கூட்டிக்கொண்டு வருவார். வானின் நடு இருக்கையைக் கழற்றி, சாய்ந்து படுக்கக்கூடிய ஓர் இருக்கையைப் பூட்டி, கால் வைக்க ஒரு பெட்டியும் வைத்திருந்தார். "இவர் ஓடினா எனக்கு நித்திரை வரும் அத்தான். வீட்டுக் கட்டில்லயும் வராத நித்திரை" என்று மச்சாள் ஒருநாள் சொன்னார். ஊசி ஏறிய கையை மற்றக் கையால் மூடிக்கொண்டு, நெடுஞ்சாலையில் அவர் உறங்கி வரும் அந்த முக்கால் மணித்தியாலம்தான் அந்த வீட்டுக்கு மிஞ்சியிருந்த சுகம். ஒரு வாரம் நான் ஓட்டுகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். சகலன் சிரித்தார். "என்ர மனுசிய நான் கொண்டு போவன் அண்ணை. நீங்கள் ஓடினா அவ பயத்தில முழிச்செல்லோ இருப்பா." காசு கொடுத்தாலும் வாங்க மாட்டார். ஒருமுறை என் மனைவி கைப்பைக்குள் இருந்து ஒரு கடித உறையை எடுத்து நீட்ட, அதைத் திருப்பி அதே கைப்பைக்குள் வைத்து ஸிப்பையும் இழுத்து மூடிவிட்டார்.

அந்தக் கோடையில் றிச்மண்ட் ஹில் பக்கம் உள்ள கோயிலில் மாம்பழத் திருவிழா. பூசை முடிந்து படைத்த மாம்பழத்தை ஏலம் கூறுவார்கள். கடைசியில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வந்தது. வீடு விற்பனை முகவர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏற்றிக்கொண்டே போனார், நானும் ஒரு தரம் கை உயர்த்தினேன். பின்னால் இருந்து சகலனின் குரல் வந்தது. தொகையைச் சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமி, "நேர்த்தி" என்றார். எங்களுக்குள் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு: நேர்த்தி, சாமிக்கு வைத்த கடன், என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. என்ன நேர்த்தி என்று விசாரிப்பதும் இல்லை. முகவர் கையை இறக்கிக்கொண்டு, "பிறகென்ன, முருகனோட நான் போட்டி போடேலுமோ, குடுங்கோ ஐயா" என்றார். சனம் சிரித்தது. என் கையும் இறங்கியது. அதை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அந்தக் கை அதற்குப் பிறகு இறங்கவில்லை.

நான் அப்போது இணைய ஏலத்தில் மூழ்கியிருந்தேன். பெற்றோல் விலை ஏறிக்கொண்டிருந்த காலம். ஒரு தளத்தில் பெற்றோல் அட்டைகளை ஏலம் விடுவார்கள். வாரத்துக்கு ஓர் அட்டை, காலை பதினொரு மணிக்கு முடியும். கேட்பவர்களின் புனைபெயர் மட்டும் திரையில் தெரியும். அதிகம் கேட்டவருக்கு அட்டை. ஐம்பது டொலர் அட்டை முப்பத்தெட்டு, நாற்பதுக்கு விழும். வென்றால் திரை முழுவதும் பச்சைக் காகிதத் துணுக்குகள் பறக்கும், ஒரு குழல் ஊதும். எழுபது வயது மனிதன் நான், அந்தக் குழல் சத்தத்துக்காகக் காலைச் சாப்பாட்டை ஆறவிட்டுக் காத்திருந்தேன். வாரத்தில் ஒருமுறை நூலகத்துக்கும் ஒருமுறை கடைக்கும் தவிர எனக்குக் கார் ஓட வேண்டிய தேவையே இல்லை. அந்த அட்டை செல்லும் நிரப்பு நிலையம் மல்வேர்னிலும் இல்லை. "காஸ் மிச்சம் பிடிக்கிறதுக்குக் காஸ் அடிச்சுக்கொண்டு போறார் இந்த மனுசன்" என்று மனைவி, பெற்றோலைக் காஸ் என்னும் கனடா வழக்கில், தொலைபேசியில் தங்கைக்குச் சொல்லிச் சிரிப்பாள்.

சகலனுக்கு அந்தத் தளத்தைக் காட்டிக் கொடுத்தவன் நான்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அந்த நிலையம் ஒன்று இருந்தது. என் பெயர் அதில் "அல்ஜிப்ரா", மாணவர்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர். அவர் யோசிக்காமல் "மாம்பழம்" என்று வைத்துக்கொண்டார். நுணுக்கமும் சொல்லிக் கொடுத்தேன். "முழுத் தொகையாக் கேளாதையும். மொய் எழுதுற மாதிரி ஒண்டு கூட்டிக் கேளும். நாப்பது எண்டு நினைக்கிறவனை நாப்பது டொலர் ஒரு சதம் வெல்லும்." அவர் தலையை ஆட்டினார். "உந்தச் சதக் கணக்கு வாத்தியாருக்குத்தான் சரி. நான் ரவுண்டாக் கேக்கிறன்." ரவுண்டாகக் கேட்டே மூன்று வாரம் தொடர்ந்து வென்றார். ஒரு பிறந்தநாள் வீட்டில், எல்லோர் முன்னாலும், "படிப்பிச்ச வாத்தியாருக்கே அடி விழுந்திட்டுது, பாத்தியளோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மச்சாள் மட்டும், "காணும், அத்தானைச் சீண்டாதையுங்கோ" என்றார்.

வாரத்துக்குப் பத்து டொலரில் ஒரு குடும்பம் சரியுமா என்று கேட்பீர்கள். சரியாது. ஆனால் வானின் காப்புறுதியும் பழுதும் ஏற்கெனவே அவரை விளிம்பில் நிறுத்தியிருந்தன. விற்றுவிட்டு ஊனமுற்றோருக்கான நகரப் பேருந்துக்கு எழுதிக் கொடுக்கும்படி பிள்ளைகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "கட்டுப்படியாகுது, ஏலத்தில எடுக்கிறன்" என்று அவர் சொல்ல அந்த அட்டைகள்தான் இருந்தன. யாரிடமும் வாங்காத மனிதன், வென்று எடுத்ததை மட்டும் வாங்குவார். அவருக்கு நான் செய்யக்கூடிய ஒரே உதவி, ஏலத்தில் போட்டிக்குக் கேட்காமல் இருப்பது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு ஒரு சொல்லும் இல்லை.

பிறந்தநாள் வீட்டுக்கு அடுத்த நாள் நான் இன்னொரு பெயரில் பதிந்துகொண்டேன். அர்த்தமில்லாத நான்கு எழுத்து. அடையாளம் தெரியக்கூடாது என்று ஒரு சதத்தை விட்டு, அவரைப் போலவே முழுத் தொகையாகக் கேட்டேன். மாம்பழம் முப்பத்தொன்பது என்றால் நான் நாற்பது. மாம்பழம் நாற்பத்தொன்று என்றால் நான் நாற்பத்திரண்டு. ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில், ஒரு கண் மனைவியின் இயந்திரத்திலும் ஒரு கண் கைபேசியிலுமாக அவர் விரலால் தட்டிக்கொண்டிருப்பது எனக்கு மனக்கண்ணில் தெரிந்தது. தெரிந்தும் கேட்டேன். ஐந்து வாரத்தில் ஐந்து அட்டையும் எனக்கு. குழல் ஊதியது, காகிதம் பறந்தது. அடுத்த சந்திப்பில் அவர், "ஆரோ ஒருத்தன் விடுறானில்லை அண்ணை. பாவம், அவனுக்கு என்ன அவதியோ" என்றார். எனக்கு உள்ளே இனித்தது.

ஆறாவது வாரம் அவரும் விடவில்லை. நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு என்று ஏறியது. நாற்பத்தைந்தில் மாம்பழம் நின்றது. அந்த விலைக்கு அட்டை எடுப்பதில் ஒரு புத்தியும் இல்லை என்று கணக்குப் படிப்பித்தவனுக்குத் தெரியாதா? ஆனால் காது சூடேறியிருந்தது. கை பழக்கத்தில் தன்பாட்டில் அடித்தது: நாற்பத்தாறு, புள்ளி, பூச்சியம், ஒன்று. முடிய இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. காத்திருந்தேன். நான்கு நிமிடமும் மாம்பழம் அசையவில்லை. நான் வென்றேன் என்று குழல் ஊதியது. அன்றைக்குப் பிறகு மாம்பழம் திரையில் வரவேயில்லை. போட்டி இல்லாத ஏலம் எனக்கும் இரண்டு வாரத்தில் அலுத்துவிட்டது.

பனிக்காலம் தொடங்குமுன் சகலன் வானை விற்றார். மச்சாள் நகரப் பேருந்தில் போனார். அந்தச் சாரதிகளில் ஒரு குறையும் இல்லை, கையைப் பிடித்து ஏற்றி இறக்கினார்கள். ஆனால் அது வழியில் வேறு நோயாளிகளையும் ஏற்றி இறக்கி, சுற்றித்தான் வரும். கூடப் போன சகலன் எதிர் இருக்கையில் மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். "பஸ்ஸில நித்திரை வராது அத்தான். பக்கத்தில இருக்கிற ஆக்களில சரிஞ்சுபோடுவன் எண்டு பயம்" என்றார் மச்சாள். என் காரில் வரும்படி மறுபடி கேட்டேன். ஏழெட்டு வார்த்தையில், அவர்கள் மறுக்க வசதியாகக் கேட்டேன். அடுத்த பனிக்காலம் முடியுமுன் மச்சாள் போய்விட்டார். நோய் கொண்டு போனது, நான் கொல்லவில்லை. ஆனால் அந்த முக்கால் மணித்தியால நித்திரை இருக்கிறதே, அதை எடுத்தவன் நான்.

மச்சாளின் முப்பத்தோராம் நாள் சடங்குச் சாப்பாட்டுக்குப் பிறகு, மண்டபத்துக்கு வெளியே, பிளாஸ்டிக் கதிரைகளில் நானும் சகலனும் தனியே இருந்தோம். அவர் கை கழுவிய ஈரத்தைச் சால்வையில் துடைத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "அண்ணை, குறை நினையாதையுங்கோ. உங்கட கஷ்டம் இப்ப தீந்திட்டுதோ?" என்று கேட்டார்.

"என்ன கஷ்டம்?"

"அந்தக் காஸ் கார்ட் விசயம். நாப்பத்தாறு டொலர் ஒரு சதம் எண்டு கண்டவுடன விளங்கிட்டுது. எங்கட வாத்தியாரை விட்டா இந்த ரொறன்ரோவில ஆர் அண்ணை மொய்க் கணக்கில காஸ் கேப்பினம்? பென்சன் எடுக்கிற மனுசன் பேரையும் மாத்திக்கொண்டு நாப்பத்தாறு வரைக்கும் வாறாரெண்டா, வெளியில சொல்லேலாத ஏதோ அவதி எண்டு நினைச்சன். நேர்த்தி மாதிரித்தானே. அதுக்கு மேல நான் கேக்கலாமோ? விட்டிட்டன். அவவுக்கும் சொன்னன். 'அத்தானுக்கு விடுங்கோ, நாங்கள் பஸ்ஸில போவம்' எண்டவ."

இதுதான் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய இடம். எனக்கு ஒரு அவதியும் இல்லை, உம்மை வெல்ல வேண்டும் என்ற அரிப்பு மட்டும்தான் இருந்தது என்று சொல்ல வாய் திறந்தேன். அவருடைய முகம் அவ்வளவு அக்கறையோடு அருகில் இருந்தது. "ஓம், இப்ப பரவாயில்லை" என்றேன். அவர் என் முழங்காலில் இரண்டு தரம் தட்டினார். மனைவியை இழந்த மனிதன் எனக்கு ஆறுதல் சொன்னார், நானும் வாங்கிக்கொண்டேன். பிச்சை எடுப்பவனுக்காவது பசி இருக்கும்.

அந்தப் பொய்க்கு வாழ்நாள் நீண்டது. சந்திக்கும்போதெல்லாம் "எப்பிடி அண்ணை, ஒண்டும் பிரச்சினை இல்லையே?" என்று, என் மனைவியின் காதில் விழாமல் விசாரிப்பார். போன கோடையில் அதே மாம்பழத் திருவிழாவுக்கு அவரை நான்தான் காரில் கூட்டிப் போனேன். கடைசிப் பழத்துக்கு அவர் எழுந்து நின்று, அதுவரை இருந்த தொகையைக் கூட்டிச் சொன்னார். பிறகு "நேர்த்தி" என்றார். மண்டபத்தில் கைகள் இறங்கின. மச்சாள் போனபின் இந்த மனிதனுக்கு இனி என்ன நேர்த்தி என்று நான் யோசித்தேன்.

திரும்பும்போது மேற்கில் சூரியன் தாழ்ந்து, கோயில் வளவை விட்டு வெளியேறும் திருப்பத்தில் நேரே கண்ணில் அடித்தது. சகலன் காகிதத்தில் சுற்றிய மாம்பழத்தை என் மடியில் வைத்தார். "உங்களுக்குத்தான். உங்கட அந்த விசயம் முழுசாத் தீர வேணும் எண்டு வைச்ச நேர்த்தி." நான் கண் கூசி, தடுமாறி, யோசிக்காமல் தட்டை இறக்கினேன். ரசீதுகளோடு அந்தப் பச்சை அட்டையும் வழுக்கிக்கொண்டு அவர் மடியில் விழுந்தது. அவர் அதை எடுத்து, திருப்பி, சுரண்டாத வெள்ளிப் பூச்சைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னும் பாவிக்கேல்லையோ அண்ணை?"

நான் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வைச்சிருங்கோ" என்று சொல்லி, அதைத் தட்டில் பழைய இடத்திலேயே கவனமாகச் செருகினார். "தேவைப்படும்."