கல்வட்டத்தை விட்டு எழாத அண்ணி

போன வருடம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் நடந்தது இது. திருச்சியிலிருந்து ஒரு மலைநடைக் குழுவோடு, நார்த்தாமலைப் பக்கத்துக் குன்றுகளில் இருக்கும் ஆதிகாலக் கல்வட்டங்களைப் பார்க்கப் போயிருந்தேன். பாலக்கரையில் இருக்கும் என் அண்ணியையும் வற்புறுத்திக் கூட்டிப் போனேன். கொரோனாவில் அண்ணன் இறந்ததிலிருந்து வீட்டை விட்டால் மாதா கோயில், கோயிலை விட்டால் வீடு என்றே இருப்பவர். நாலு மனிதரோடு காற்றாட நடந்தால் மனசு தெளியும் என்று நினைத்தேன்.

நினைத்தது தப்பு என்று வேனிலேயே தெரிந்துவிட்டது. ஜன்னல் காற்று அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இட்லி வேகவில்லையாம். நடக்க ஆரம்பித்ததும் செருப்பு கடித்தது, முள் புடவையை இழுத்தது. ஷூ போட்டு வாருங்கள் என்று போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்! நாலடி நடப்பார், நின்றுவிடுவார். மொத்தக் கூட்டமும் எங்களுக்காகக் காத்து நிற்கும். எனக்கு மானமே போனது.

கூட்டிப்போன ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒரு கல்வட்டத்தைக் காட்டினார். அண்ணி எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "இதைப் பாக்கவா இவ்ளோ தூரம்? இதைவிடப் பெரிய கல்லெல்லாம் குவாரில சும்மா கெடக்கு" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

பேராசிரியர் கோபப்படவில்லை. இது இறந்தவர்களைப் புதைத்த இடம், எங்கிருந்தோ பாறையை வெட்டி, ஊரே சேர்ந்து இழுத்துவந்து சுற்றிலும் நட்டிருக்கிறார்கள் என்று விளக்கிவிட்டு மேலே நடந்தார்.

பாதி ஏறித் திரும்பிப் பார்த்தால் அண்ணியைக் காணோம். கீழே கல்வட்டத்துக்குப் பக்கத்திலேயே வெயிலில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டேன், அசையவில்லை. குன்றின் உச்சிவரை ஏறிப் பார்க்கவும் எனக்கு ஆசை இருந்தது. இன்றைக்கு நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று சறுக்கிச் சறுக்கி இறங்கினேன்.

"என்ன அண்ணி இது? எல்லாரும் மேல போயிட்டாங்க. எழுந்திரிங்க!"

அவர் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத இழுத்துட்டு வர எத்தன பேரு வந்திருப்பாங்க?"

எனக்கென்ன தெரியும் என்றேன், எரிச்சலோடு.

"உங்கண்ணனுக்கு நாலே பேருதான். மொகம் தெரியாம கவர் மாட்டிட்டு வந்து எறக்குனாங்க. என்னைக் கல்லறை கேட்டுலயே நிறுத்திட்டாங்க. ஒரு புடி மண்ணு போட விடல."

அன்றைக்கு நானும் அதே காய்ச்சலோடு கைலாசபுரம் வீட்டில் அறைக்குள் கிடந்தேன். அண்ணன் முகத்தைக் கடைசியாக நானும் பார்க்கவில்லை. அதன்பிறகு அண்ணியோடு பென்ஷன், கேஸ் சிலிண்டர், பிள்ளைகள் வேலை என்று எவ்வளவோ பேசியிருக்கிறேன். அந்த நாளைப் பற்றி மட்டும் கேட்டதே இல்லை. அழுதுவிடுவாரோ என்ற பயம்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆம்புலன்ஸ் வந்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். அழவில்லை. நான்தான் அழுதேன். அவர் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். கூட்டம் இறங்கி வந்தபோதும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். பேராசிரியர் எங்கள் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு, மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வேனுக்குப் போனார்.

திரும்பும் வழியெல்லாம் வேன் குலுங்குகிறது என்று அண்ணி புலம்பிக்கொண்டே வந்தார். எனக்கும் மறுபடி எரிச்சல் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் என் அண்ணனை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அடக்கம் செய்தது அன்றைக்குத்தான் என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது.