கணக்கில் வராத வாயு மாத்திரை

ஜூலை ஒன்பது, காலை ஆறு பத்து, விடாத தூறல். சாந்தன்பாறையில் என் வீட்டிலிருந்து ஜீப் நிற்கும் இடம்வரை நூற்றுப் பதினான்கு தப்படி. போன மாதம் ஒரே மூச்சில் நடந்தேன். அன்று நான்கு முறை நின்றேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த மலையாள மலையின் ஏலத்தோட்டத்துக்குக் கணக்கெழுத வந்து நாற்பத்தொரு வருடம். இப்போது இதயத் தசை தடித்துவிட்டது. மயோசின் என்ற புரதம்தான் தசையை இழுத்துச் சுருக்குமாம். பத்து ஆள் வேலைக்கு இருபது பேர் வந்து நின்றதுபோல, என் இதயத்தில் இழுப்பு அதிகம். சிலரை லயத்து வீட்டிலேயே உட்காரச் சொல்வதற்குத்தான் தினம் ஒரு கேப்சூல். அது ஒத்துவராவிட்டால் நெஞ்சைத் திறந்து தசையைச் சீவ வேண்டும் என்றார் டாக்டர். வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறேனா என்று தொடங்கும்போதே மலையாளத்தில் கேட்டார்: “அப்பச்சா, வேறெ மருந்நு வல்லதும் கழிக்குந்நுண்டோ?”

“இல்லா” என்றேன். பின்னாலும் அதையே சொல்லியிருப்பேன். எங்கள் ஊரில் நெஞ்சில் எது குத்தினாலும் வாயுதான். மலையேறியபோது அந்த நம்பிக்கையையும் கொண்டுவந்தோம். அங்கே பூண்டு, இங்கே அட்டை மாத்திரை. ஜூனில் நெஞ்சு கரித்தபோது என் மனைவி செல்வராணி தினம் ஒன்று கொடுத்தாள். “இது மருந்தாடி?” என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அன்று ஆஸ்பத்திரியில் எடுத்த எக்கோ ஸ்கேனில் இதயம் ரத்தத்தைத் தள்ளும் அளவு நாற்பத்து நான்கு சதவீதம். ஐம்பதுக்குக் கீழே போகக்கூடாது. போன மாதம் அறுபத்தொன்று.

“சத்யம் பறயணம். குளிக அதிகம் கழிச்சோ?”

கேப்சூலை அதிகமாக விழுங்கினேனா என்று கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. டைரியை நீட்டினேன்: தொண்ணூற்றொரு நாள், தொண்ணூற்றொரு டிக். என் முகம் வியர்ப்பதைப் பார்த்து, செல்வராணி பையிலிருந்து வாயு மாத்திரையை எடுத்தாள். டாக்டர் அட்டையைப் பிடுங்கினார்.

“இதெந்தா?”

“கேஸ் மாத்திரங்க டாக்டர். மருந்தெல்லாம் இல்ல. எஸ்டேட்டுல பாதி சனம் இதத்தான் திங்குது, எவன் செத்தான்?”

டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். கேப்சூலைக் கரைத்து வெளியேற்றும் ஈரலின் வேலையை இந்த மாத்திரை தடுத்துவிடுமாம். கேப்சூல் உடம்பில் தேங்கத் தேங்க, உட்கார வேண்டிய ஆட்களோடு உழைக்க வேண்டிய ஆட்களும் உட்கார்ந்துவிட்டார்கள். நாற்பத்தொரு வருடம் தோட்டத்தில் ஓர் ஏலக்காய் மூட்டையைக்கூடக் கணக்கில் விடாதவன், முப்பது மாத்திரையை விட்டிருக்கிறேன்.

இரண்டையும் நிறுத்தினார். ஒரு மாதம் கழித்து ஐம்பத்தேழு. குறைந்த அளவில் கேப்சூல் மறுபடி தொடங்கியது. நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை.

அன்று திரும்பும் வழியில் பூப்பாறை முக்கில் ஜீப் நின்றது. தமிழ்நாட்டுப் பக்கம் போடிக்கு இறங்கும் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஊரிலிருந்து தம்பி போனில் கத்தினான்: “மலையாளத்தான் ஒன்னய ஏமாத்துதான்ணே. வெறும் வாயு! இங்க வந்துரு.” இறங்கி, அந்த பஸ்ஸை நோக்கி எட்டுத் தப்படி நடந்தேன். மூச்சு வாங்கவில்லை.

“எங்க போறீய? சட்டைப்பையில என்ன?” என்றாள் செல்வராணி. ஊருக்குப் போனால் போட்டுக்கொள்ளலாம் என்று ஒளித்துவைத்திருந்த ஒற்றை வாயு மாத்திரை. அவளிடம் கொடுத்துவிட்டு எட்டுத் தப்படி திரும்பி வந்தேன். பஸ் கிளம்பிப் போனது.

ராத்திரி டைரியில் கணக்கெழுதினேன். ஜீப் இரண்டு நடை, எக்கோ இரண்டு, டாக்டர் பீஸ், வாயு மாத்திரை மூன்று அட்டை: பதினான்காயிரத்து எழுநூற்றெண்பது ரூபாய்.