ஓடாத வேலைக்கு ஓர் இயந்திரம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஜெனிற்றா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். குருநகர்ப் பிள்ளை. யாழ்ப்பாண நீரேரியில் கடற்புற்கள் எங்கெங்கே அழிகின்றன என்று செய்மதிப் படங்களை வைத்து ஆராய்கிறவள்.

"சேர், எனக்கு மெஷின் கிடைக்கேல்லை. வெள்ளிக்கிழமை ஆய்வேடு குடுக்கவேணும்."

கொடுக்காவிட்டால்? பட்டம் அடுத்த வருடம். கைக்கு வந்திருக்கும் வேலையோ அதுவரை காத்திராது.

பல்கலைக்கழகக் கணினிப் பிரிவில், யாருக்கு எந்த இயந்திரம் என்று பார்ப்பது என் வேலை. பெரிய கணக்குகளைப் போடும் இயந்திரங்கள் எங்கள் கட்டடத்தில் இல்லை. பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து இணையம் வழியாகப் பயன்படுத்தும் பொது கிளவுட்டில், எங்கோ தொலைவில் இருக்கின்றன. எங்கள் பங்குக்கு இரண்டு. ஒன்றில் மாணவர்களின் செய்முறை வகுப்பு. மற்றது...?

பார்த்தேன். ஒரு மூத்த விரிவுரையாளரின் பெயரில் வாரக்கணக்காகக் கிடந்தது. வேலை எதுவும் ஓடவில்லை. சும்மா விட்டால் கிளவுட் தானாகவே திரும்ப எடுத்துக்கொள்ளும் — அதற்காக, அவ்வப்போது ஒரு கூட்டல் கணக்கைப் போடும்படி சொல்லி வைத்திருந்தார்!

"அவரிட்டைக் கேட்டனீரோ பிள்ளை?"

"ஐயோ சேர், அவர்தான் என்ரை ஆய்வேட்டுக்குப் புள்ளி போடுறவர். என்ரை பேரைச் சொல்லிப்போடாதேங்கோ."

அவருடைய அறைக்குப் போனேன்.

"அண்ணை, உந்த மெஷினிலை என்ன ஓடுது?"

"ஒண்டும் ஓடேல்லை. அடுத்த மாதம் தேவைப்படும். இப்ப விட்டா பிறகு ஆர் தருவினம்?"

"பெற்றோல் வரிசையிலை இடம் பிடிக்கக் கல்லு வைச்ச மாதிரியோ?"

"நீர் வைக்கேல்லையோ?"

"நான் சைக்கிளை வைச்சனான்."

இருவரும் சிரித்தோம். சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது. மண்ணெண்ணெய்க்கு, பாணுக்கு, பெற்றோலுக்கு... வாழ்நாளின் பெரும்பகுதியை வரிசையில் கழித்த சனம் நாங்கள். இடத்தைப் பிடித்து வைத்தவன் வீட்டில்தான் அடுப்பு எரிந்தது. பிடித்த கை லேசில் விடுமா?

"அண்ணை, ஒரு பிள்ளையின்ரை ஒரு வருசம் உதுக்குள்ளை கிடக்கு."

"ஆற்றை பிள்ளை?"

"வரிசையிலை நிக்கிற பிள்ளை."

மேலே அவர் கேட்கவில்லை. கணினியைத் திறந்து இயந்திரத்தை விடுவித்தார்.

"அடுத்த மாதம் எனக்குக் கிடைக்காட்டி உம்மட்டைத்தான் வருவன்."

ஜெனிற்றாவின் கணக்கு இரண்டு நாள் இடைவிடாமல் ஓடி முடிந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தாள்.

"குடுத்திட்டன் சேர்!"

"நல்லது. அப்ப மெஷினை விடும், பிள்ளை."

முகம் மாறியது. "திருத்தம் கேட்டினமெண்டால்...? விட்டாப் பிறகு கிடைக்குமோ சேர்?"

கிடைக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். எதை நம்பிச் சொல்வது? என்னிடம் இருப்பது இரண்டே இரண்டு.

பிறகு அவளே கேட்டாள்.

"இப்ப ஆரும் காத்துக்கொண்டு நிக்கினமோ சேர்?"

"ஓம்."

விட்டாள்.

பொது இயந்திரத்தைப் பயன்படுத்த நாங்கள் ஒரே நாளில் பழக்கிவிடுகிறோம் — விட்டது திரும்பக் கிடைக்கும் என்று நம்புவதற்குத்தான் எந்த வகுப்பும் இல்லை.