சிம்ரத்துக்கு வர வேண்டிய தலைப்பாகை

துபாய் அல் குசைஸில் ஆறு பெண்கள் தங்கும் அந்த ரூமில் தினமும் காலை ஐந்து மணிக்கு ஒரு வேலை நடக்கும். சீக்கியப் பெண் சிம்ரத் கவுர் ஐந்து மீட்டர் துணியின் ஒரு முனையைப் பிடிப்பாள். ராமநாதபுரத்து நாகஜோதி மறுமுனையோடு கதவு வரை போவாள். இருவரும் இழுத்து மடித்த பிறகுதான் சிம்ரத் தலைப்பாகை கட்ட முடியும். பிறகு இருவரும் ஒரே பஸ்ஸில் கிடங்கு வேலைக்குப் போவார்கள்.

"ஆம்பளைகதானே இதக் கட்டுவாக?" என்று முதல் வாரமே நாகஜோதி கேட்டுவிட்டாள்.

"எங்க குருமார் தலையில ஆண் தலை, பெண் தலைன்னு பிரிக்கல" என்று சிம்ரத் ஹிந்தியில் பதில் சொன்னாள். "எங்க வேதம் கிரந்தம், அத நானும் வாசிக்கலாம். பிரார்த்தனையும் நடத்தலாம். பிரிக்கிறது எல்லாம் எங்க ஊர்க்காரங்க."

போன மாதம் ஒரு வியாழக்கிழமை பஞ்சாபில் அவளுடைய அப்பா இறந்தார். அவள் ஒரே பிள்ளை. பத்தாம் நாள், சனிக்கிழமை, கிரந்த வாசிப்பு முடிந்ததும் குடும்பப் பொறுப்பு ஏற்பவரின் தலையில் ஊர் கூடித் தலைப்பாகை கட்டும். அதை மகன்களுக்குத்தான் கட்டுவது ஊர் வழக்கம். என் மகளுக்குக் கட்டுங்கள் என்று அப்பா சாகும் முன் தம்பியிடம் சொல்லியிருந்தார். சித்தப்பா மறுக்கவில்லை. "பத்தாம் நாள் வந்து உட்காரட்டும், கட்டுகிறோம்" என்றார்.

சிம்ரத்தின் பாஸ்போர்ட் கம்பெனி லாக்கரில் இருந்தது. பிடுங்கி வைக்கவில்லை. ரூமில் ஒருத்தியின் பை திருடு போனதும், பத்திரமாக இருக்கட்டும் என்று இவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கம்பெனியின் விசா வேலைகளைப் பார்க்கும் கீழக்கரை மீரா சாகிபிடம் நாகஜோதி போய் நின்றாள்.

"அண்ணே, லாக்கரத் தெறந்து அவ பாஸ்போர்ட்ட எடுத்துக் குடுங்கண்ணே."

"சாவி எங்கிட்ட இருந்தாத் தர மாட்டேனாம்மா? மானேஜர் பையில போட்டுக்கிட்டு கெய்ரோ போயிட்டாரு. போன் பண்ணுனா, சண்டே வர்றேங்கிறாரு."

"பூட்ட ஒடைங்க."

"ஒடைச்சா என் விசாவ ஒடைச்சிருவாக. புள்ளைக ரெண்டு இங்க படிக்குது தாயி."

புகார் கொடு என்று சிலர் சொன்னார்கள். விசாரணைக்கே ஒரு வாரம் ஆகும் என்றும் அவர்களே சொன்னார்கள். சிம்ரத் தினமும் டூட்டி முடிந்து மீரா சாகிபின் மேசை முன் வந்து நிற்பாள். அவர் கையை விரிப்பார். அவள் பஸ் ஏறுவாள்.

சனிக்கிழமை முற்பகல் பதினொன்றரைக்குக் கிடங்கின் சாப்பாட்டு அறையில் வீடியோ அழைப்பு வந்தது. குருத்வாராவில் வாசிப்பு முடிந்திருந்தது. சித்தப்பாவின் மகன் நடுவில் உட்கார்ந்திருந்தான். அத்தை போனைத் தூக்கிக் காட்டி, "சிம்ரத் இருக்கிறாள், அண்ணன் அவளுக்குத்தானே சொன்னார்" என்றாள்.

"துபாயில் இருக்கிறவளுக்கு எப்படி? போனுக்கா கட்டுவது?" என்றார் சித்தப்பா. ஆண்கள் பக்கம் சிரித்தார்கள். பெண்கள் பக்கமும் யாரோ சிரித்தார்கள்.

"ஞாயிற்றுக்கிழமை சாவி வந்துவிடும். இரண்டு நாள் பொறுங்கள்" என்று சிம்ரத் இரண்டு முறை சொன்னாள். அங்கே பிரார்த்தனைக்கு எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவளும் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றாள். நாகஜோதி போனைப் பிடித்துக்கொண்டாள். இளஞ்சிவப்புத் துணி அந்தப் பையனின் தலையில் சுற்றுச் சுற்றாக ஏறியது. கடைசிச் சுற்றுக்கு முன்பே, நேரம் முடிந்தது என்று சூப்பர்வைசர் கதவைத் தட்டினார்: "யல்லா, பிரேக் கலாஸ்."

மறுநாள் மானேஜர் வந்தார். மீரா சாகிப் பாஸ்போர்ட்டை நீட்டினார். சிம்ரத் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

"இப்பப் போறியாம்மா? லீவு எழுதித் தரவா?"

"இனி எதுக்கு அண்ணே?" என்று தமிழிலேயே கேட்டாள்.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு நாகஜோதி துணியின் முனையோடு கதவருகே நின்றாள். சிம்ரத் தன் முனையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தே இருந்தாள்.

"இழுடி, பஸ்ஸு போயிரும்" என்றாள் நாகஜோதி.