பிச்சுமணி சாரின் இருபத்து நான்கு சாமான்கள்

1914-இல் கடையத்தில் பிறந்த பிச்சுமணி, தென்காசியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் இருபத்தைந்து ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தினார். அந்த இருபத்தைந்து ஆண்டுகளில் அவர் தமக்கென்று புதிதாகக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். அதையும் பாதியாகத்தான் கற்றார்.

1957 அக்டோபரில் பாளையங்கோட்டையில் ஆங்கில ஆசிரியர்களுக்குப் பத்து நாள் பயிற்சி நடந்தது. விளையாட்டாகவே பிள்ளைகளுக்குச் சொற்களைப் புகட்டுவது எப்படி என்பது பாடம். இரண்டு நாள் வயிற்றுக்கடுப்பு என்று படுத்திருந்தார். மூன்று நாள் வகுப்பிலேயே தூங்கினார். மிச்சமிருந்த ஐந்து நாளில் அவர் மனத்தில் தங்கியது ஒரு துணிப்பை. பைக்குள் இருபத்து நான்கு சாமான்கள் இருக்கும். பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டு கையை விட்டு ஒன்றை எடுத்து, தடவிப் பார்த்து, ஆங்கிலப் பெயரைச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் வகுப்பு மூன்று முறை கைதட்டும். தவறினால் குரங்கு போல் குதிக்க வேண்டும். சாமான்களை வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும் என்று சொன்ன நாள், அவர் தூங்கிய மூன்று நாட்களில் ஒன்று.

ஊர் திரும்பியதும் பையைத் தைத்தார். முட்டை வேண்டும். பிச்சுமணி சைவம், முட்டையைக் கையால் தொடமாட்டார். சிற்றாற்றில் குளிக்கப் போனபோது ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கி, "இதுதான் எக்" என்று பைக்குள் போட்டார். ஆப்பிளுக்கு, அம்பாசமுத்திரத்து மரச்சொப்பு ஒன்றின் சிவப்பு மூடி. சோப்பை எலி தின்ற பிறகு செங்கல் துண்டு. சாவி தொலைந்த பிறகு வளைந்த ஆணி. மெழுகுவர்த்தியை ஓர் ஐப்பசி மழையில் மனைவி நாச்சியார் எடுத்து ஏற்றிவிட்டாள்; அதன் இடத்தில் ஒரு சாக்பீஸ் வந்தது. எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. எண்ணிக்கை குறையாத வரை வித்தையும் குறையவில்லை என்பது அவர் எண்ணம்.

1960-இல் கணக்கு வாத்தியார் வல்லிநாயகம் அவரிடம் வந்து சொன்னார்:

"அண்ணாச்சி, மைதானத்துல பயலுவ கல்லெறிஞ்சு விளையாடுதானுவ. ஒருத்தன் 'ஏலே, எக்கை எறியாதலே, மண்டை உடையும்'ங்கான். உங்க கோழி என்ன இரும்பையா இடுது?"

"பொறாமை வே உமக்கு. உம்ம வகுப்புல ஒரு பயலாவது சிரிக்கானா?"

அத்தோடு முடிந்தது அந்த எச்சரிக்கை.

1963 மே மாதம் தலைமையாசிரியர் ஓய்வு பெற இருந்தார். அந்த நாற்காலிக்கு இருவர்: பிச்சுமணி, வல்லிநாயகம். தாளாளர் தங்கசாமி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: "இன்ஸ்பெக்டர் யாரை நல்லா எழுதுதாரோ அவருக்குத்தான்." பிச்சுமணிக்கு அப்போதே நாற்காலி இடுப்பில் ஒட்டிக்கொண்டது. வீட்டில் நாச்சியாரையே "கையெழுத்து வேணுமா?" என்று கேட்கத் தொடங்கினார்.

தென்காசிப் பள்ளிகளுக்கு இன்ஸ்பெக்டர்கள் சாரல் காலத்தில்தான் வருவார்கள். பிள்ளைகளின் கல்வி மேல் அவர்களுக்கு ஆனி ஆடியில்தான் அக்கறை பொங்கும். 1962 ஜூலை 18, புதன்கிழமை, பத்து மணிக்கு வரவேண்டிய இன்ஸ்பெக்டர் ஞானசம்பந்தம், ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, தலை ஈரம் காயாமல் பதினொன்று நாற்பதுக்கு வந்தார்.

ஆறாம் வகுப்பில் முப்பத்து நான்கு பிள்ளைகள். பை வந்தது. கண் கட்டப்பட்டது. எக், கீ, சோப் என்று வார்த்தைகள் கணீரென்று விழுந்தன. ஒவ்வொன்றையும் பிச்சுமணியே பட்டென்று வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டதால் இன்ஸ்பெக்டர் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. "பேஷ், பேஷ்" என்று பேனாவைத் திறந்தார். பிச்சுமணி அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மலைப்பக்கமிருந்து மேகம் இறங்கியது. அறை இருண்டது. விளக்கைப் போட்டார்கள், கரண்ட் இல்லை. எழுத வேண்டிய ஏடு இன்ஸ்பெக்டர் கண்ணுக்குத் தெரியவில்லை. பிள்ளைகளைச் சோதித்ததுபோலவும் ஆயிற்று என்று நினைத்து, ஆங்கிலத்திலேயே, ஒரு கேண்டில் கொண்டுவரச் சொன்னார்.

முத்துவடிவு என்ற பெண் பாய்ந்து எழுந்தாள். கரும்பலகைக்குக் கீழிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து நீட்டினாள்.

"கேண்டில், சார்."

உச்சரிப்பில் ஒரு குறையுமில்லை. வகுப்பு மூன்று முறை கைதட்டியது.

கடைநிலை ஊழியர் அலுவலகத்திலிருந்து உண்மையான மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு வந்தார். இன்ஸ்பெக்டர் அதைத் தூக்கிப் பிடித்து, இது என்ன என்று கேட்டார். முப்பத்து நான்கு வாயும் மூடியிருந்தன. பிறகு முத்துவடிவே சொன்னாள்: "அது மெழுகுதிரி சார். அதுக்கு இங்கிலீஷ் இன்னும் நடத்தல."

இன்ஸ்பெக்டர் பையை மேசையில் கொட்டினார். கூழாங்கல் உருண்டு வந்து அவர் விரலில் முட்டி நின்றது.

"பிச்சுமணி, இதுவா முட்டை?"

"சார், நான் சைவம்."

"ஆப்பிளுமா அசைவம்?"

வாசலில் நின்ற வல்லிநாயகம் குடையைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் போனதும் பிச்சுமணி முத்துவடிவின் காதைத் திருகினார். "ஏட்டி, அது சாக்பீஸுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்," என்று அழுதாள் அவள். "சாக்பீஸ் தமிழு. கேண்டில்தான் இங்கிலீஷ்."

பிச்சுமணி அவள் காதை விட்டுவிட்டார். இருந்தாலும் அன்று மாலை நாச்சியாரிடம் அவர் சொன்னது: "மாட்டு மந்தைக்குப் பாடம் நடத்துதேன். எல்லாம் நீ அந்த மெழுகுதிரியை எடுத்ததால வந்த வினை."

1963 ஜூன் முதல் தேதி வல்லிநாயகம் தலைமையாசிரியரானார். பிச்சுமணி 1969 மே வரை ஆங்கிலமே நடத்தினார். சோதனைக்கு மறுநாளே முகம்மது கனி கடையில் ஒரு மெழுகுவர்த்தி வாங்கிப் பையில் போட்டிருந்தார். தம் பிழையைத் திருத்திவிட்டதாக அவருக்கு நிம்மதி. பிள்ளைகள் கை பட்டால் தேய்ந்துவிடும் என்று அதை மட்டும் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார். ஓய்வு பெற்ற அன்று பையை ஒப்படைத்தபோது இருபத்து நான்கும் சரியாக இருந்தன. கூழாங்கல் முதல் செங்கல் வரை மற்ற இருபத்து மூன்றும் பழையவைதாம்.